சனிக்கிழமை ஓடிய பஸ்

லண்டனுக்கு வந்த நான்காவது வருடம் எனக்கு யூதர்களின் செபக்கூடம் ஒன்றில் வேலை கிடைத்தது. அதற்கு முன் சுவிஸில் ஆறு வருடம் உணவகச் சமையலறைகளில் நின்றேன். லண்டன் வந்தபின் வெம்பிளியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நின்றேன். செபக்கூடத்து வேலைக்கு கெயார்டேக்கர் என்று பெயர். கதவு திறப்பது, ஹீட்டர் பார்ப்பது, மண்டபத்தில் நாற்காலி போடுவது, எல்லோரும் போனபின் கூட்டிப் பூட்டுவது. சனிக்கிழமை அவர்கள் எந்த வேலையும் செய்யாத நாள். ஆகவே அன்றுதான் நான் கட்டாயம் நிற்க வேண்டும்.

எனக்கு யூதர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. முதல் வாரமே செயலாளர் அம்மா என்னை இருத்திச் சொல்லித்தந்தார். வெளிச் சாப்பாடு கட்டடத்துக்குள் வரக் கூடாது. சமையலறையில் பாலுக்கு ஒரு பக்கம், இறைச்சிக்கு ஒரு பக்கம். சபாத் எனும் ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது தொடங்கி சனிக்கிழமை இருட்டும் வரை. நான் சோற்றுப்பெட்டியை வெளி முற்றத்தில், பின்கதவுப் படியில் இருந்து சாப்பிடுவேன். அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. எங்கள் கோயில்களிலும் எத்தனை விதி.

செவ்வாய்க்கிழமைகளில் அங்கே முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு நடக்கும். நாற்பது பேர் வரை வருவார்கள். சூப், கோழி, பிறகு சீட்டாட்டம், சில வாரம் பியானோ. ஒருவரிடமும் கட்டணம் கேட்பதில்லை. ஒரு குடும்பம் தாயாரின் நினைவுநாளுக்கு ஒரு வாரத்துக் கோழியைப் பொறுப்பெடுக்கும். ஒரு பேக்கரிக்காரர் பாண் அனுப்புவார். கரட் சுரண்ட வரும் பெண்கள் தங்கள் சுரண்டியையும் கொண்டு வருவார்கள். திருவிழாவில் இன்ன நாள் இன்னார் உபயம் என்று எங்கள் ஊரில் எழுதிப் போடுவது போலத்தான் எனக்கு இருந்தது. வித்தியாசம், இங்கே ஒருவர் பெயரும் ஒலிபெருக்கியில் வராது.

அப்படிக் கொடுத்தவர்களில் ஒருவர் எழுபத்தெட்டு வயதுப் பெண்மணி. மெலிந்த உடம்பு, சாம்பல் நிறக் கோட்டு, கையில் தடி. கணவர் தையல்காரர்களுக்குப் பொத்தானும் நூலும் விற்ற வியாபாரி. கடைசி இரண்டு வருடம் அவர் சக்கர நாற்காலியில் இருந்தார். அந்த நாற்காலியை ஏற்றக்கூடிய வாகனம் செபக்கூடத்தில் இல்லாததால் செவ்வாய்க்கிழமைச் சாப்பாட்டுக்கும் சீட்டாட்டத்துக்கும் வர முடியாமலே இறந்துபோனார். அதை அந்த அம்மா எனக்கு ஒருநாள் வாசலில் நின்று சொன்னார், காலநிலையைச் சொல்வது போல.

கணவர் இறந்த அடுத்த வருடம் அவர் செபக்கூடத்துக்கு ஒரு பஸ் வாங்கிக் கொடுத்தார். பதினாறு பேர் இருக்கலாம். பின்பக்கம் சக்கர நாற்காலியைத் தூக்கும் மேடை. வெள்ளை நிறம், பக்கவாட்டில் நீலத்தில் செபக்கூடத்தின் பெயர், முன்கதவில் சின்ன எழுத்தில் கணவரின் நினைவாக என்று ஒரு வரி. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. சபாத் நேரத்தில் அந்த பஸ்ஸின் எஞ்சின் ஓடக் கூடாது.

பஸ்ஸின் சாவி, நாங்கள் திறப்பு என்போம், இரண்டு. ஒன்று என்னிடம். மற்றது ஒரு ஓய்வுபெற்ற டாக்ஸிக்காரரிடம். அவரும் அந்தச் சபையைச் சேர்ந்தவர்தான். முப்பத்தைந்து வருடம் லண்டனில் கறுப்பு டாக்ஸி ஓட்டியவர். செவ்வாய்க்கிழமைகளில் சம்பளமில்லாமல் பஸ்ஸை ஓட்ட வருவார். நான் மேடையை இறக்கி ஏற்றும் ஆள். வெள்ளிக்கிழமை மதியம் கடைக்குப் போகிறவர்களை நான் தனியே ஏற்றிப்போவேன். டாக்ஸிக்காரர் வாய் ஓயாத மனிதர். ஒவ்வொரு கிழவியையும் வீட்டு வாசலில் கைகொடுத்து ஏற்றும்போது, மீட்டர் போட்டாயிற்று என்று அதே பகிடியை விடுவார். அவர்களும் ஒவ்வொரு வாரமும் சிரிப்பார்கள். சனிக்கிழமைகளில் அவர் செபத்துக்கு வராமல் தன் காரில் கால்பந்து பார்க்கப் போகிறவர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை என் மச்சானின் மகள் பெரியவளானதற்குச் சாமத்தியச் சடங்கு வந்தது. மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. வெம்பிளியில் ஒரு பள்ளிக்கூட மண்டபம் எடுத்திருந்தார்கள். பாரிசிலிருந்து சொந்தக்காரர் பதின்மூன்று பேர் முதல்நாளே வந்து மச்சான் வீட்டில் நிறைந்திருந்தார்கள். மனைவியின் தாயாரும் வந்திருந்தார். பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியில் இருப்பவர். அவர்களை மண்டபத்துக்குக் கொண்டுபோக மச்சான் ஒரு வான் பிடித்திருந்தார். சனி மதியம் நான் செபக்கூடத்தைப் பூட்டிக்கொண்டிருந்த நேரம் தொலைபேசி வந்தது. வான் வழியில் பழுதாகி நின்றுவிட்டது.

"அத்தான், உங்களிட்டை பஸ் நிக்குதெல்லே" என்றார் மச்சான். "அம்மாவை வேறை எதிலையும் ஏத்த ஏலாது. ஒருக்கா வந்திட்டுப் போங்கோ. நீங்கள் ஓடுற பஸ்தானே, ஆர் கேக்கப்போகினம்?"

இன்றைக்கு ஏலாது என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். அவர்களுடைய சமய விசயம் என்றேன். மச்சான் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. "சரி அத்தான், அம்மாவை வீட்டிலை விட்டிட்டுப் போறம்" என்றார். அந்தச் சொல் போதுமாக இருந்தது. மாமியார் அந்தப் பேத்திக்கு ஆலாத்தி எடுக்கவென்றே ஒரு கை அசையாத உடம்போடு கடல் கடந்து வந்தவர்.

முற்றத்தில் ஒருவரும் இல்லை. எல்லோரும் செபம் முடிந்து வீடுகளில் மதியச் சாப்பாட்டில் இருப்பார்கள். ஐந்து மணிக்குள் கொண்டுவந்து விட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பஸ்ஸை எடுத்தேன்.

மச்சான் வீட்டில் எல்லோரையும் ஏற்றி, மாமியாரை மேடையில் தூக்கி நாற்காலியைப் பூட்டி, வெம்பிளியை நோக்கி வந்தேன். பஸ் முழுக்கப் பட்டுச் சீலை, மல்லிகைப்பூ, பலகாரத் தட்டு. பிள்ளைகள் பாடிக்கொண்டு வந்தார்கள். செபக்கூடம் இருக்கும் பக்கம் போகாமல் சுற்றித்தான் வந்தேன். ஆனால் அந்தச் சுற்றுப் பாதையிலும் ஒரு பாதசாரிக் கடவை இருந்தது. அதன் ஓரத்தில் சாம்பல் நிறக் கோட்டோடு அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். யார் வீட்டிலோ மதியச் சாப்பாடு முடித்து நடந்து வந்திருக்க வேண்டும்.

நான் நிறுத்தினேன். நிறுத்தாமல் போக வழியில்லை. அவர் தடியை ஊன்றி மெதுவாகக் கடந்தார். நடுவில் வந்ததும் வழிவிட்ட வாகனத்துக்கு நன்றி சொல்லக் கையை உயர்த்தினார். அப்போதுதான் பஸ்ஸைப் பார்த்தார். உயர்த்திய கை அப்படியே நின்றது. வெயில் முன்கண்ணாடியில் நேரே அடித்துக்கொண்டிருந்தது. நான் கண்ணுக்கு மேலே இருந்த மறைப்பை இழுத்து இறக்கிக்கொண்டேன். அவர் கதவில் இருந்த தன் கணவரின் பெயரை வாசித்தாரா, சும்மா அந்தப் பக்கம் பார்த்தாரா, தெரியாது. பிறகு கையை இறக்கிக்கொண்டு மற்றக் கரைக்குப் போனார். பின்னால் பிள்ளைகளின் பாட்டு நிற்கவில்லை.

சடங்கு நன்றாக நடந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு ஒன்றும் நினைவில்லை. ஐந்து மணிக்கு முன்பே பஸ் தன் இடத்தில் நின்றது.

அன்று வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் பூவைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். பிறகு கட்டிலில் வந்து இருந்தாள்.

"எங்கடை கோயில் வானுக்குள்ளை ஆரும் கொடியேற்றத்தண்டைக்கு மாட்டிறைச்சி ஏத்தினால் நீங்கள் சும்மா இருப்பியளோ?" என்றாள். "நாளைக்கே போய்ச் சொல்லுங்கோ. அம்மாவுக்காண்டி எடுத்தனான் எண்டு சொல்லுங்கோ. அவை விளங்காத ஆக்களில்லை."

ஓம் என்றேன். மறுநாள் போகவில்லை.

திங்கட்கிழமை செயலாளர் அம்மா என்னைக் கூப்பிட்டார். சனிக்கிழமை பஸ் ஓடியதாக அதைக் கொடுத்த பெண்மணியே சொல்லியிருக்கிறார், ஓட்டியது யாரென்று தெரியவில்லையாம், நீ பூட்டிப் போகும்போது பஸ் நின்றதா என்று கேட்டார். நின்றது என்றேன். அது பொய்யல்ல. நான் கதவைப் பூட்டியபோது பஸ் நின்றதுதான். முற்றத்துப் படலையைப் பூட்டினாயா என்றார். பூட்டினேன் என்றேன். அதுவும் பொய்யல்ல. அவர் கொஞ்ச நேரம் பேனையை மேசையில் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு தனக்குத்தானே சொல்வது போல, அப்படியென்றால் மற்றத் திறப்புத்தான், அவர் தன் கூட்டாளிகளை ஏற்றிக்கொண்டு விளையாட்டுப் பார்க்கப் போயிருப்பார் என்றார்.

நான் வாய் திறக்க வேண்டிய நேரம் அதுதான். அவர் என்னைப் பார்த்துக்கொண்டு கூட இருக்கவில்லை. ஜூன் மாதத்தில் கால்பந்து நடப்பதில்லை என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அதைச் சொல்லியிருந்தாலே போதும். வேலை போய்விடும், வீட்டு வாடகை, பிள்ளைகள் என்று என்னவெல்லாமோ ஓடியது. குப்பைப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

டாக்ஸிக்காரரைக் கூப்பிட்டு மெதுவாகத்தான் கேட்டார்களாம். அவர் தான் எடுக்கவில்லை என்று ஒரு தடவை சொன்னாராம். அதற்குப் பிறகு யாரும் அவரை வற்புறுத்தவில்லை. அதேநேரம் நம்புகிறோம் என்று சொல்லவும் இல்லை. அவர் திறப்பை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். கோபம் ஆறினால் வருவார் என்றார் செயலாளர் அம்மா. அடுத்த செவ்வாய் அவர் வரவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் வரவில்லை.

பஸ்ஸை நானே ஓட்டத் தொடங்கினேன். மேடைக்கு வேறொருவர் வந்தார். ஒவ்வொரு வாசலிலும் முதல் கேள்வி, அவர் எங்கே. சுகமில்லை என்று நினைக்கிறேன் என்று சொல்லி வந்தேன். இது முழுப் பொய். கண் தெரியாத ஒரு கிழவர் மட்டும், என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறும்போது ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் நின்று காத்திருப்பார், அந்த மீட்டர் பகிடிக்காக. என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. அவரும் பிறகு காத்திருப்பதை விட்டுவிட்டார்.

செப்டெம்பரில் அவர்களுடைய பாவமன்னிப்பு நாள் வந்தது. யோம் கிப்பூர் என்பார்கள். ஒரு முழு நாள் தண்ணீரும் குடிக்காத நோன்பு. அது தொடங்கும் மாலையில் சபையின் செலவுகளுக்காக எல்லோரிடமும் கேட்பார்கள். அந்த நாளில் எழுதவோ காசைத் தொடவோ கூடாது என்பதால் ஒவ்வொரு இருக்கையிலும் ஒரு அட்டை வைப்போம். அட்டையின் ஓரத்தில் சின்னச் சின்ன நாக்குகள் வெட்டியிருக்கும். கொடுக்க நினைக்கும் தொகைக்கு நேரே உள்ளதை மடித்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

அந்த வருடத்து அட்டையில் என்ன எழுதியிருந்தது என்று நான் இருக்கைகளில் வைக்கும்போதுதான் வாசித்தேன். செவ்வாய்க்கிழமை பஸ்ஸுக்குத் தொண்டர் ஒருவரும் இல்லாததால் சம்பளத்துக்கு ஓட்டுநர் வைக்க வேண்டியிருக்கிறது, உதவுங்கள் என்றிருந்தது. அந்தச் சம்பளம் எனக்குத்தான் வரப்போகிறது. இரண்டு கிழமைக்கு முன்பே செயலாளர் அம்மா அதை எனக்கு நல்ல செய்தியாகச் சொல்லியிருந்தார். நன்றி என்று சொல்லியிருந்தேன்.

பாதி வரிசை வைத்து முடித்தபோது அந்த அம்மா உள்ளே வந்தார். நோன்புக்கு முந்திய பகல் அது. இன்னும் ஒருவரும் வந்திருக்கவில்லை. நேரே என்னிடம் வந்து, தடியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, இந்த வருடத்தில் நான் உங்களுக்குத் தெரிந்தோ தெரியாமலோ ஏதாவது நோகச் செய்திருந்தால் மன்னியுங்கள் என்றார். நோன்புக்கு முன் ஆளாளிடம் போய் அப்படிக் கேட்பது அவர்கள் வழக்கம் என்று எனக்குத் தெரியும். ஆனால் என்னிடம் வந்து கேட்பார் என்று நான் நினைத்ததில்லை.

கையில் இருந்த அட்டைகளைக் கீழே வைத்தேன். பஸ்ஸை எடுத்தது நான் என்றேன். கடவையில் நிறுத்தியதும் நான்தான் என்றேன். மாமியார், சடங்கு, பழுதான வான் எல்லாவற்றையும் சொல்ல வாயெடுத்தேன். என் ஆங்கிலம் தடுமாறியது. அவர் பக்கத்து இருக்கையில் இருந்துவிட்டார்.

தடியை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, உள்ளே பூ வைத்த பெண்களைப் பார்த்ததாக எனக்கு ஒரு நினைவு இருந்தது, வெயிலில் கண் ஏமாற்றியது என்று என்னையே நான் சமாளித்தேன் என்றார். என் கணவரின் பஸ் ஒரு சக்கர நாற்காலிக்காரியை ஏற்றியதில் எனக்கு வருத்தம் இல்லை, அந்த நாளில் ஏற்றியதில் வருத்தம், ஆனால் அதை நான் மன்னித்துவிட்டேன் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இத்தோடு முடிந்தது என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

"டாக்ஸிக்காரருக்குச் செய்ததை மன்னிக்க நான் யார்?" என்றார். "மூன்று மாதம் தெருவில் அவரைக் கண்டும் காணாதவள் போலப் போனேன். இரண்டு தடவை அவர் வணக்கம் சொல்லத் தொப்பியைக் கழற்றினார். நீங்கள் என்னை அதைச் செய்ய வைத்தீர்கள்."

அவர் குரல் உயரவில்லை. எழுந்து நின்று கோட்டைச் சரிசெய்தார். நானும் அவரிடம் போக வேண்டும், ஆனால் முதலில் நீங்கள் போங்கள், இன்று பொழுது சாய்வதற்குள் போங்கள் என்றார். மிச்ச அட்டைகளை எடுத்து இருக்கைகளில் வைக்கத் தொடங்கினார்.

டாக்ஸிக்காரரின் வீடு நகரப் பஸ்ஸில் பதினைந்து நிமிடத் தூரம். கதவைத் திறந்தவர் என்னைக் கண்டு ஆச்சரியப்படவில்லை. உள்ளே வா என்றார். வீட்டில் தனியாகத்தான் இருந்தார். முன்னறையில் தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. நான் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று மாதம் வைத்திருந்த விசயம்.

"எனக்குத் தெரியும்" என்றார். "இரண்டு திறப்பு. நான் எடுக்கவில்லை. இதைக் கண்டுபிடிக்க மூளை வேண்டுமா?"

அப்படியானால் ஏன் அவர்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டபிறகுதான் அது எவ்வளவு கேவலமான கேள்வி என்று விளங்கியது.

அவர் தன் கால்களைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நீ சொல்லுவாய் என்று இருந்தேன். முதல் செவ்வாய் காலையில் காலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு இந்தக் கதிரையில் இருந்தேன். இரண்டாம் செவ்வாயும் இருந்தேன். மூன்றாம் செவ்வாயும். பிறகு எனக்கும் பிடிவாதம் வந்துவிட்டது."

திரும்பி வாருங்கள், இன்றைக்கே செயலாளரிடம் போய் எல்லாவற்றையும் சொல்கிறேன், வேலை போனாலும் பரவாயில்லை என்றேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். ஓகஸ்டில் கண் பரிசோதனைக்குப் போனாராம். இனி வாகனம் ஓட்டக் கூடாது என்று அனுமதிப்பத்திரத்தை வாங்கிவிட்டார்களாம். எனக்கு ஓட்டுவதற்கு மிஞ்சியிருந்தது அந்த இரண்டு மாதம்தான், அது போய்விட்டது, உனக்கும் எனக்கும் அதைத் திருப்பி எடுக்க முடியாது என்றார். என்னைத் திட்டவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. நோன்புக்கு முன் சாப்பிட வேண்டும், நேரமாகிறது என்று கதவு வரை வந்து வழியனுப்பினார்.

செயலாளர் அம்மாவிடம் அன்றே சொன்னேன். நோன்பு முடிந்தபின் நிர்வாகக் குழு கூடியது. வேலை போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. எனக்காகப் பேசியது பஸ்ஸைக் கொடுத்த அம்மா என்று பிறகு கேள்விப்பட்டேன். செயலாளர் அம்மாதான் மாறிப்போனார். என்னால் அவர் டாக்ஸிக்காரரிடம் தலைகுனிந்து நிற்க வேண்டி வந்தது. அதன்பின் என்னோடு வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசினார்.

செவ்வாய்க்கிழமைச் சம்பளம் எனக்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தேன். அந்த வேலையில் இருந்த மிச்ச நான்கு வருடமும் செவ்வாய் பஸ்ஸைச் சம்பளமில்லாமல்தான் ஓட்டினேன். சபையில் பலர் அதைப் பெரிய மனம் என்று நினைத்தார்கள். ஹனுக்கா எனும் விளக்குப் பண்டிகைக்கு எனக்கு ஒரு வாழ்த்து அட்டையும் இனிப்புப் பெட்டியும் தந்தார்கள். அந்த இனிப்பை நான் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன், எனக்கு இறங்கவில்லை.

அந்தப் பனிக்காலத்தில் டாக்ஸிக்காரர் செவ்வாய்ச் சாப்பாட்டுக்குப் பெயர் கொடுத்திருந்தார். ஓட்டுநராக அல்ல, வருகிறவராக. பட்டியலில் அவர் முகவரியை இரண்டு தடவை வாசித்தேன். போய் வாசலில் நிறுத்தினேன். அவர் படியிறங்கி வர, கை கொடுத்தேன். ஒரு கணம் என் கையைப் பார்த்தார். பிறகு பிடித்துக்கொண்டு ஏறினார். உள்ளே ஆறேழு பேர் அவரைக் கண்டு ஆரவாரம் செய்தார்கள். எங்கே போயிருந்தாய், சுகமில்லை என்றார்களே என்று ஒரு கிழவி கேட்டார். ஓம், சுகமில்லாமல்தான் இருந்தது என்றார் அவர். கண்ணாடியில் என்னைப் பார்க்கவில்லை.

வசந்தகாலம் வரை வந்தார். பிறகு மகளோடு இருக்க மான்செஸ்டருக்குப் போனார். போவதற்கு முந்திய செவ்வாய் எல்லோரிடமும் கைகுலுக்கி விடைபெற்றார். என்னிடமும் கைகுலுக்கினார், மற்றவர்களிடம் குலுக்கியது போலவே. அந்தக் கையில் எதையாவது தேடிப் பார்த்தேன். அது வெறும் கைதான்.

இப்போது மிச்சம் என்ற லண்டன் பகுதியில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. அந்த பஸ் பழசாகி, சபை வேறு பஸ் எடுத்துவிட்டது. மாதாமாதம் என் வங்கிக் கணக்கிலிருந்து அந்தப் புது பஸ்ஸின் செலவுக்கு ஒரு சிறு தொகை போகிறது. ஏன் இன்னும் கொடுக்கிறீர்கள், நீங்கள் அங்கே வேலை விட்டு எத்தனை காலம் என்று என் மகள் ஒருநாள் கேட்டாள். நல்ல காரியம்தானே என்றேன். மனைவி கல்லாவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இரவு கடையைப் பூட்டும்போது, பிள்ளைக்கு உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்றாள். சொல்லலாம் என்று இருக்கிறேன். இதை எழுதியது அதற்காகவும்தான்.